பிஞ்சு ஏன் வெம்பி விழுகிறது?

கொடி கூரை முழுக்கப் படர்ந்துவிட்டது. காலையில் பார்த்தால் மஞ்சள் மஞ்சளாய்ப் பூ. காய் மட்டும் இல்லை. கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு வரும், நெல்லிக்காய் அளவுக்குப் போகும், பிறகு மஞ்சளாகிச் சுருங்கி, ஒரு வாரத்தில் தொட்டதும் கையோடு வந்துவிடும். பரங்கி, பாகல், பீர்க்கு, சுரை என்று எதை வைத்தாலும் வீட்டுத் தோட்டக்காரர்கள் கேட்பது இதைத்தான்: இவ்வளவு பூத்தும் ஏன் பிடிக்கவில்லை?

கோலார் தங்கவயலில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. மண் கெட்டுப்போச்சு. ஜான் டெய்லர் கம்பெனி 1880களில் தொடங்கிய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பொன்னைப் பிரித்த பின் மிஞ்சிய பாறைத் தூள் மட்டும் சயனைடு மேடுகளாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் கிளம்பி கூரை, கொடி, காயப்போட்ட துணி எல்லாவற்றின் மீதும் படிகிறது. ஆகவே செடி வாடினாலும் பிஞ்சு விழுந்தாலும் பழி மேட்டின் மேல் போகிறது.

அந்தத் தூசு நல்லது என்று யாரும் வாதாடப் போவதில்லை. ஆனால் பிஞ்சு விழுவதற்கும் அதுதான் காரணமா? இதைத் தெரிந்துகொள்ளச் சோதனைக்கூடம் தேவையில்லை. மூன்று நிற நூலும் கொஞ்சம் பழைய வேட்டித் துணியும் போதும். அதற்கு முன் பரங்கிப்பூவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிடுவோம்.

உதிர்வதெல்லாம் நஷ்டமில்லை

பரங்கிக்கொடியில் இரண்டு வகைப் பூ உண்டு. நீளமான மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. பெண் பூவுக்குக் காம்பு குட்டை. இதழுக்குக் கீழே, பூ விரியும் முன்பே, ஒரு குட்டிக் காய் உட்கார்ந்திருக்கும். அதுதான் சூலகம், அதாவது விதையாகப் போகிறவை அடங்கிய பை.

ஆடியில் விதை போட்டால் ஆவணி கடைசியில் பூக்கத் தொடங்கும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். பெண் பூ அதற்குச் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அப்போதும் பல ஆண் பூவுக்கு ஒரு பெண் பூ என்ற கணக்கில்தான் வரும். ஆண் பூ ஒரு நாள் மலர்ந்து மறுநாள் உதிர்ந்தே தீரும், அதில் காய்க்க ஒன்றுமில்லை. "பூவெல்லாம் கொட்டுகிறது" என்று கவலைப்படுபவர்களில் பாதிப்பேர் பார்ப்பது இந்த ஆண் பூக்களைத்தான். கவலைப்படுவதற்குப் பதில் பஜ்ஜி போடலாம், நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டை மட்டும் கிள்ளிவிட்டு. ஆனால் எல்லாவற்றையும் பறித்துவிடக் கூடாது, அது ஏன் என்று இப்போது தெரியும்.

விடிவதற்கு முன்னால்

பரங்கிப்பூ விடியற்காலை இருட்டிலேயே விரிந்துவிடும். பத்து, பதினொரு மணிக்குள் வாய் மூடிக்கொள்ளும். மறுநாள் திறக்காது. ஒரு பெண் பூவுக்குக் கிடைப்பது அந்த ஒரே காலைதான். அதற்குள் ஆண் பூவின் மகரந்தத் தூள் வந்து நடுவிலிருக்கும் பிசுபிசுப்பான சூல்முடியில் ஒட்டியாக வேண்டும். தூளின் முளைக்கும் சக்தியும் வெயில் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும்.

காற்று கொண்டுவராதா? நெல்லுக்கும் சோளத்துக்கும் கொண்டுவரும். அவற்றின் தூள் காய்ந்தது, லேசானது. பரங்கித் தூள் கனமானது, எண்ணெய்ப் பசை உள்ளது, உருப்பெருக்கியில் பார்த்தால் உடம்பெல்லாம் முள். காற்றில் பறக்காது, எதன் மேலாவது ஒட்டிக்கொண்டுதான் போகும்.

எவ்வளவு தூள் வேண்டும் என்பதை அடுப்படியிலேயே கணக்குப் போடலாம். அடுத்த முறை கூட்டுக்குப் பரங்கிக்காய் அரியும்போது, விதையை வழித்துப் போடும் முன் எண்ணிப் பாருங்கள். நல்ல காயில் சில நூறு இருக்கும். ஒரு விதைக்கு ஒரு துகள் வேண்டும். சூல்முடியில் விழுந்த துகள் முளைத்து, இழை போன்ற ஒரு குழாயை உள்ளே இறக்கி, ஒரு சூலைத் தொட்டால்தான் அது விதை. நானூறு விதை இருந்தால் குறைந்தது நானூறு துகள் வந்திருக்க வேண்டும். விழுந்ததெல்லாம் முளைக்காது என்பதால் உண்மையில் அதைவிட நிறையவே வந்திருக்கும்.

கருவுற்ற விதைகள் சும்மா இருப்பதில்லை. வளர்ச்சிக்கான ரசாயனச் சைகைகளைச் சுரக்கின்றன, அந்தச் சைகை வரும் பக்கம் சதை பருக்கிறது. விதை போதாவிட்டால் சைகையும் போதாது. கொடி அந்தப் பிஞ்சுக்கு அனுப்பும் உணவை நிறுத்திக் காம்பை வெட்டிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் காய் கோணலாக வரும். சந்தையில் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிய வெள்ளரிக்காயைப் பார்த்திருப்பீர்கள். நறுக்கிப் பாருங்கள், சூம்பிய பக்கத்தில் விதை பெரும்பாலும் சப்பையாக இருக்கும்.

மூன்று நூல் சோதனை

இப்போது சோதனைக்கு வருவோம். மறுநாள் விரியப்போகும் பெண் மொக்கை முந்தின நாள் மாலையே கண்டுபிடிக்கலாம். நுனி மஞ்சள் பூத்திருக்கும். அப்படிப்பட்ட மொக்குகளை மூன்று அணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே கொடியில், ஒரே வாரத்தில் வந்தவையாக இருக்க வேண்டும்.

முதல் அணிக்குச் சிவப்பு நூல். மொக்கின் மேல் மெல்லிய துணியைப் பைபோல் கட்டி மூடிவிடுங்கள். மறுநாள் மாலை வரை திறக்க வேண்டாம். ஒரு பூச்சியும் உள்ளே போகாது.

இரண்டாம் அணிக்குப் பச்சை நூல். இதையும் மாலையே மூடுங்கள். காலையில் ஆறு, ஆறரைக்குள் துணியை அவிழ்த்து, அன்றே விரிந்த ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, தூள் நிறைந்த தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லாப் பக்கமும் தடவுங்கள். இரண்டு ஆண் பூ இருந்தால் இன்னும் நல்லது. உடனே மறுபடியும் மூடிவிடுங்கள்.

மூன்றாம் அணிக்கு வெள்ளை நூல். இதைத் தொடவே வேண்டாம், திறந்தபடி இருக்கட்டும். வருகிறவர்கள் வரட்டும்.

ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும். அணிக்கு ஒரு பூ வைத்தால் பயனில்லை. ஒற்றைப் பிஞ்சு எதனாலும் விழலாம். பூக்கப் பூக்க நூல் கட்டி, அணிக்குப் பத்தாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிவப்பு நூல் பத்தும் விழுந்தன, பச்சையில் எட்டு நின்றன, வெள்ளையில் மூன்றுதான் நின்றன என்று வைத்துக்கொள்வோம். என்ன தெரிகிறது?

சிவப்பு சொல்வது எளிது. வெளியிலிருந்து யாராவது வந்தால்தான் காய், காற்றுக்கு அங்கே வேலையில்லை. பச்சைதான் முக்கியமான சாட்சி. அந்த எட்டும் அதே மண்ணில், அதே தண்ணீரில், அதே மேட்டுத் தூசு படிந்த இலைகளுக்கு நடுவே நின்றவை. மண் எட்டுப் பிஞ்சைத் தாங்குகிறது என்றால், வெள்ளை நூலில் விழுந்தவற்றுக்கு மண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையிலான ஐந்து பிஞ்சுகள் வெறும் தூள் கிடைக்காததால் போனவை. இதை மகரந்தப் பற்றாக்குறை என்று சொல்லலாம்.

பச்சையில் விழுந்த இரண்டு? அது கொடியின் சொந்தக் கணக்கு. ஏற்கெனவே இரண்டு பெரிய காய் தொங்கும் கொடி, அடுத்து வரும் பிஞ்சைத் தூள் கிடைத்தாலும் கழற்றிவிடும். கடும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அதையே செய்யும்.

கணக்கு வேறு மாதிரியும் வரலாம். பச்சையும் வெள்ளையும் ஒன்றுபோல் மூன்று மூன்று நின்றால் தூளுக்குக் குறையில்லை, வேரையும் உரத்தையும் பாருங்கள். பச்சையிலும் ஒன்றுமே நிற்காவிட்டால், அப்போது தாராளமாக மண்ணைச் சந்தேகிக்கலாம். சோதனை நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இந்த முறையின் அழகே அதுதான்.

யார் வருகிறார்கள்

பற்றாக்குறை என்று தெரிந்தால் தினமும் கையாலேயே தடவிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். வேலைக்காகும். ஆனால் ஒரு இடைஞ்சல். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலின் பெரும்பகுதி பெங்களூரில்தான் பிழைக்கிறது. ஊரின் மாரிகுப்பம் நிலையத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலைப் பிடிக்கிறவர்களுக்குப் பூ விரிவதைப் பார்க்க நேரமில்லை. மாலை திரும்பி வரும்போது அது மூடி ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பூச்சிகள்தான். பரங்கி அமெரிக்கக் கண்டத்துச் செடி. சொந்த ஊரில் அதற்கென்றே தனித் தேனீக்கள் உண்டு, விடியும் முன்பே வந்துவிடும். விதை கடல் தாண்டி வந்தது, அந்த ஈக்கள் வரவில்லை. இங்கே அந்த வேலையை ஏற்றுக்கொண்டவை உள்ளூர் இனங்கள். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு போன்ற பெரிய தச்சுத் தேனீ, உயரமான கட்டடங்களிலும் பெரிய மரங்களிலும் ஒற்றை அடை தொங்கவிடும் மலைத்தேனீ, புதரில் உள்ளங்கை அளவு கூடு கட்டும் கொம்புத் தேனீ, பிறகு அடுக்குத் தேனீ.

அடுக்குத் தேனீ இருட்டான பொந்து கிடைத்தால் குடியேறும். மரப்பொந்து, சுவர் இடுக்கு, கவிழ்த்த பானை எதுவானாலும் சரி. உள்ளே பல அடைகளை அடுத்தடுத்துத் தொங்கவிடும். மனிதன் பெட்டி வைத்துக் கூப்பிட்டால் வந்து தங்கும் இந்நாட்டுத் தேனீ இதுதான், கொசுத்தேனீயை விட்டுவிட்டால். இத்தாலியத் தேனீயைவிடக் காலையில் சீக்கிரம் கிளம்பும், குளிரும் அதற்குப் பெரிதில்லை. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள்ளேயே மேயும். கொல்லைக்கு வேறென்ன வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், தேனீ பரங்கிக்கு வருவது தேன்சாறு குடிக்கத்தான். முள் நிறைந்த அந்தத் தூளை உருட்டிக் காலில் கட்டிக்கொண்டு போக அதற்குப் பெரிய விருப்பமில்லை, பல நேரம் உதறித் தள்ளிவிடும். உதறியும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் நமக்குக் காய். தேனீயின் இன்னொரு வழக்கமும் கைகொடுக்கிறது. ஒரு நடையில் ஒரு வகைப் பூவையே தேடிப் போகும். பரங்கியில் தொடங்கினால் அடுத்ததும் பரங்கிதான். இதற்குப் பூப்பற்று என்று பெயர் வைக்கலாம். இந்தப் பற்று இல்லாவிட்டால் பரங்கித் தூளைக் கொண்டுபோய் முருங்கையில் கொட்டிக்கொண்டிருக்கும்.

மழை பெய்கிற காலையில் இது எதுவும் நடக்காது. தேனீ வெளியே வராது, நனைந்த தூளும் வெடித்து வீணாகும். அன்றைய பெண் பூக்களை மறந்துவிட வேண்டியதுதான்.

சின்ன ஈக்குச் சின்னப் பெட்டி

தேனீ வளர்ப்புப் பெட்டியின் ரகசியம் ஒரு இடைவெளி. அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1851இல் அதைக் கவனித்தார். அடைகளுக்கு நடுவே ஈ நடக்க மட்டும் வழி விட்டால் அது அந்த வழியை அடைக்காது, அங்கே அடையும் கட்டாது. அகலமானால் அடை கட்டிவிடும், குறுகினால் பூசி மூடிவிடும். சரியான இடைவெளியில் மரச்சட்டங்களைத் தொங்கவிட்டால் புத்தகத்தின் தாள்போல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். கூட்டை அழிக்காமல் தேன் எடுப்பது எளிதானது அதற்குப் பிறகுதான்.

அந்த அளவு ஐரோப்பியத் தேனீக்கு. நம்முடையது உடம்பில் சிறியது, குடும்பமும் சிறியது. தென்னிந்தியாவில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் 1910 வாக்கில் இதற்கேற்ற சின்னப் பெட்டியை வடிவமைத்து, கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். கீழே ஏழு சட்டமுள்ள புழு அறை, மேலே தேன் அறை. நியூட்டன் பெட்டி என்ற பெயரில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. 1924இல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய கிராமப் புனரமைப்பு மையம் கோழியோடும் கைத்தொழில்களோடும் தேனீயையும் சேர்த்துக்கொண்டது. கன்னியாகுமரி மாவட்டம் தேனுக்குப் பேர் வாங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

1991இல் தென்னிந்தியாவில் 'தாய் சாக் புரூட்' என்ற வைரஸ் நோய் வந்தது. புழுக்கள் நீர் கோத்த பைபோல் ஊதிச் செத்தன. ஓரிரு ஆண்டில் பெரும்பாலான பெட்டிகள் காலி. அதன் பிறகுதான் இங்கே இத்தாலியத் தேனீ பரவலாக வந்தது. அது தேன் அதிகம் தரும், உண்மை. ஆனால் அதன் உடம்பில் ஒட்டி உறிஞ்சும் வரோவா உண்ணிக்கு ஓயாமல் வைத்தியம் பார்க்க வேண்டும். அந்த உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகிய அடுக்குத் தேனீ தானே பிடுங்கி எறிந்துவிடும். தொழிலாகச் செய்கிறவர்கள் எதையும் வைக்கட்டும். கொல்லையில் ஒரே பெட்டி வைக்கிறவர்களுக்கு அடுக்குத் தேனீதான் சரி என்பது என் கட்சி.

அதற்கும் குறை உண்டு. பூ வற்றும் காலத்தில், வெயில் தாங்காவிட்டால், எறும்பும் மெழுகுப் பூச்சியும் தொல்லை கொடுத்தால், சொல்லாமல் கொள்ளாமல் கூட்டமாகக் கிளம்பிவிடும். நிழலில் வைத்து, தாங்கியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, பக்கத்தில் குடிக்கத் தண்ணீரும் வைத்து, பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு கொடுத்தால் பெரும்பாலும் தங்கும். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை என்பதால், பறக்கும் வாசல் அடுத்த வீட்டு நடைபாதையைப் பார்க்காமல் திருப்பி வைக்க வேண்டும். அந்த வீட்டாரிடம் சம்மதமும் கேட்டுவிடுவது நல்லது. ஒரு கிலோமீட்டர் மேயும் ஈக்கு வேலி கிடையாது. உங்கள் பெட்டியால் முதலில் காய்ப்பது பக்கத்து வீட்டு அக்காவின் பாகற்கொடியாகவே இருக்கலாம்.

தக்காளி வேறு சங்கதி

கோலார் மாவட்டம் என்றாலே தக்காளி. அதற்கும் தேனீப் பெட்டி உதவுமா? அநேகமாக உதவாது. தக்காளிப் பூ ஒன்றிலேயே ஆணும் பெண்ணும் உண்டு. தூள் ஒரு மூடிய கூம்புக்குள் இருக்கிறது, குலுக்கினால்தான் நுனியிலிருந்து கொட்டும். காற்று ஆட்டினாலே ஓரளவு நடந்துவிடும். தச்சுத் தேனீயும் வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு பறக்கும் தசைகளை அதிரவைத்துத் தூளைக் கொட்டவைக்கும். ரீங்காரத்தின் சுருதி மாறுவதைக் காதால் கேட்கலாம். அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கத்தரிக்கும் இதே கதைதான். மிளகாயும் அவரையும் பெரும்பாலும் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும். பெட்டி கைகொடுப்பது பரங்கிக் குடும்பத்துக்கு, பிறகு முருங்கை, எலுமிச்சை போன்றவற்றுக்கு.

தக்காளித் தோட்டத்தால் தேனீக்கு வரும் கேடு தனி. ஊருக்கு வெளியே காலையில் அடிக்கும் பூச்சிமருந்து மேயப் போன ஈக்களை வழியிலேயே கொன்றுவிடும். சாயங்காலம், ஈ கூடு திரும்பிய பிறகு அடித்தால் பாதிப்பு குறையும். பெட்டி வைத்திருப்பவர்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

தேன் எவ்வளவு

அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்றில் ஆண்டுக்கு ஐந்தாறு கிலோ கிடைத்தால் நல்ல மகசூல். பூ குறைந்த ஆண்டில் அதுவும் வராது. கோலார்ப் பக்கம் ஏரியும் மழையும் ஆழ்துளைக் கிணறும்தான், வற்றாத ஆறு இல்லை. பங்குனி, சித்திரையில் புங்கையும் வேம்பும் பூக்கும். ஒரு காலத்தில் மாவட்டம் முழுக்க நட்ட தைலமரமும் தன் பங்குக்குக் கொடுக்கும். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று கர்நாடக அரசு 2017இல் அதைப் புதிதாக நடத் தடை போட்டது. அது நியாயம்தான் என்றாலும், தேனீயைக் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

ஒரு ஈ ஒரு நடையில் சுமப்பது சுமார் 30 மில்லிகிராம் பூச்சாறு, அதில் பாதிக்கு மேல் தண்ணீர். கூட்டில் வாய்க்கு வாய் மாற்றி, இறக்கையால் விசிறி, தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் வரை வற்றவைத்த பிறகே அறையை மெழுகால் மூடும். ஒரு கிலோ தேனுக்கு ஐம்பதாயிரம் நடைக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பங்கை வீட்டுக்காரர்களே சாப்பிட்டுவிடுவார்கள், நமக்கு வருவது மிச்சம்.

அடையில் முக்கால்வாசி அறை மெழுகு மூடிய பிறகே எடுக்க வேண்டும். மூடாததில் தண்ணீர் அதிகம், சில வாரத்தில் நுரைத்துப் புளித்துவிடும். புழு அறையைத் தொடாமல், மேல் அறையின் தேனை மட்டும் சுழற்றும் கருவியில் போட்டு எடுத்தால் காலி அடையைத் திருப்பி வைத்துவிடலாம். மெழுகை மறுபடி கட்டும் உழைப்பு ஈக்கு மிச்சம். மார்கழிக் குளிரில் பாட்டிலில் தேன் உறைந்தால் கலப்படம் என்று பதறாதீர்கள். குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் அப்படித்தான் உறையும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் விரல் நுனியில்கூட நாக்கில் வைக்கக் கூடாது. நல்ல தேனிலும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைச் சமாளிக்கும், பச்சிளம் குடலுக்கு அந்தப் பலம் இன்னும் வந்திருக்காது.